கியர் சைக்கிளுக்குப் புது வர்ணம்

சென்ற இதழில் துருப்பிடித்த டிரங்குப் பெட்டியைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "சைக்கிளுக்கும் இப்படிப் பெயிண்ட் அடிக்கலாமா அக்கா?" என்று இரண்டு சகோதரிகள் கேட்டுவிட்டார்கள். அடிக்கலாம். நானே அடித்திருக்கிறேன். ஒரு தடவை கெடுத்து, மறுபடியும் அடித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது நாகப்பட்டினம், வெளிப்பாளையம். கடல் காற்றில் எங்கள் ஊர் இரும்புச் சாமான் எதுவும் இரண்டு மழைக்கு மேல் பளபளப்பாக இருக்காது. என் பெரியவன் பிளஸ் ஒன் படிக்கும்போது, 2016-ல், ஆசைப்பட்டு வாங்கிய கியர் சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. அகல டயர் போட்ட, மலையேறும் சைக்கிளாம். (நாகையில் ஏறுவதற்கு மலை எங்கேடா என்று இவர் அப்போதே கேட்டார்.) 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொல்லைக் கொட்டகை அதன் மேல் சாய்ந்தது. அப்புறம் பையன் படிப்பை முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சைக்கிள் கிணற்றடிச் சுவரோடு சுவராகக் கிடந்தது.

போன வருஷம் கோடை விடுமுறையில் சின்னவள் ஒன்பதாம் வகுப்புக்குப் புது சைக்கிள் கேட்டாள். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். இவர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் யாருக்கு வேண்டும்? அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு அரைச் சம்பளம். பள்ளிக்கூடம் திறப்பதோ சரியாக அதற்குள். எட்டாயிரம் ரூபாய்க்கு எங்கே போவது?

"அண்ணன் சைக்கிள் இருக்கேடி" என்றேன்.

"அது துருப்பிடிச்ச சைக்கிள்மா. எல்லாரும் சிரிப்பாங்க. நான் நடந்தே போறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண் பிள்ளை, சாயங்காலம் டியூஷன் முடிந்து இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடந்து வருவதா? என் வயிறு கேட்கவில்லை. மறுநாளே ஸ்பானரைத் தேடி எடுத்தேன்.

முதல் வேலை, சைக்கிள் இரும்பா அலுமினியமா என்று பார்ப்பது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மையை எடுத்து ஃப்ரேமில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. அதற்கு ரெட் ஆக்ஸைடு பிரைமர் போதும். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கும். அதற்கென்று தனி பிரைமர் கேட்டு வாங்க வேண்டும். எங்களுடையது ஒட்டியது.

கழற்றும் முன் எல்லாப் பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கியர் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று அப்புறம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இடது பக்கப் பெடலின் மறை தலைகீழ். மற்ற போல்ட்டுகளைப் போலத் திருகினால் இன்னும் இறுகத்தான் செய்யும். இது தெரியாமல் நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஹாண்டில் பாரைக் கழற்றியபோது கழுத்திலிருந்து பால்ஸ் உருண்டு ஓடி, இரண்டு துளசி மாடத்துக்கு அடியில் போய்விட்டன. கீழே ஒரு தாம்பாளம் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். பெடல் சுற்றும் அச்சை நான் தொடவே இல்லை. துணி அடைத்து, டேப் ஒட்டி, அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் அடிப்பக்கத்தில்தான் எங்கள் சைக்கிளுக்கு நம்பர் பொறித்திருந்தது. உங்களுடையதிலும் தேடிப் பாருங்கள். அதைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். சைக்கிள் திருட்டுப் போனால் போலீசில் சொல்ல அந்த நம்பர்தான் அடையாளம்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயிண்டில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? உலர்ந்த தூள் பறந்து மூச்சோடு உள்ளே போனால், ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். அதனால் கொல்லையில் பழைய சாக்கு விரித்து, மூக்கில் துணி கட்டி, ஈரமாகத் தேய்த்தேன். தேய்த்த சேற்றைச் சாக்கோடு சுருட்டிக் கட்டிவிட்டேன். முதலில் 80 நம்பர் தாள், பிறகு 180, கடைசியில் 320. தேய்த்தபின் ஈரம் தங்காமல் உடனே துடைத்து வெயிலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் மறுபடி செந்துரு.

தேய்க்கும்போது கழுத்துக்குக் கீழே, குழாய் சேரும் இடத்தில், மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. புயலில் கொட்டகை விழுந்த சைக்கிள் ஆயிற்றே! ஃப்ரேமைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சம் பொறுத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸைப் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் சாக்பீஸில் ஈரக் கோடாகத் திரும்பி வருமாம். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. "பெயிண்ட்தாம்மா வெடிச்சிருக்கு, இரும்பு நல்லா இருக்கு" என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. சகோதரிகளே, விரிசல் என்று சந்தேகம் வந்தால் பெயிண்டால் மூடாதீர்கள். நடுரோட்டில் ஃப்ரேம் இரண்டாகப் போனால் பிள்ளை கதி என்ன?

மேல் குழாயில் பெரியவன் காம்பஸ் முனையால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தான். அந்த இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. ராத்திரி போனில் சொன்னேன். "தேய்ச்சிடும்மா, இனிமே அது பாப்பா சைக்கிள்" என்றான். சரி என்றுவிட்டு, லேசாகத்தான் தேய்த்தேன்.

இனி நான் கெடுத்த கதை. ரெட் ஆக்ஸைடை பிரஷால் கெட்டியாகப் பூசினேன். தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுநாளே மொட்டைமாடியில் நீல ஸ்பிரேயை அடித்தேன். ஐந்தே நிமிஷத்தில் பெயிண்ட் முழுவதும் பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டது. மேலே மட்டும் காய்ந்து உள்ளே இளசாக இருந்த பிரைமரை, ஸ்பிரேயில் உள்ள காரமான தின்னர் கிளப்பிவிட்டதாம். போதாக்குறைக்கு, மாடிக்கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நெடி கீழே இறங்கி, வீசிங் உள்ள என் மாமியாருக்கு இரவெல்லாம் இழுப்பு. இன்ஹேலர் கொடுத்து முதுகை நீவிவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று இவர் கேட்டது ஒரு முறைதான். ஆனால் அழுகை வந்துவிட்டது. அத்தைதான், "விடுப்பா, பேத்திக்குத்தானே செய்யுறா" என்றார்.

எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தெடுத்தேன். இந்த முறை பிரைமரை மெல்லியதாகப் பூசி, ஒரு வாரம் முழுசாகக் காயவிட்டு, 400 நம்பர் தாளால் இழைத்து, துடைத்து, அதன்பிறகே ஸ்பிரே. அன்றைக்கு அத்தையை என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். துணி முகமூடி தூளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆகவே நெடி தாங்காதவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் இல்லாத நாள் பார்த்து வெட்டவெளியில் அடியுங்கள். கார்களுக்கு அடிக்கிற, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயிண்ட் நன்றாக உழைக்கும் என்று ஒருவர் சொன்னார். அதில் சேர்க்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம், நன்றாக இருப்பவர்களுக்கே ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

காலை எட்டு மணிக்கு, பனி ஈரம் போனபின், வெயில் ஏறுமுன் அடித்தேன். ஃப்ரேமைத் துணிக்கொடிக் கம்பியில் தொங்கவிட்டு, டப்பாவை இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, ஒரு அடி தள்ளி நின்று, நிறுத்தாமல் வீசி வீசி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் வழியும். கால் மணிக்கொரு தரமாக நான்கு மெல்லிய பூச்சு, அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் இரண்டு பூச்சு. ஃபோர்க்கும் மட்கார்டும் அப்படியே. பிரேக் கட்டை பிடிக்கும் ரிம்மில் மட்டும் ஒரு துளி பெயிண்ட் படக் கூடாது, பிரேக் வழுக்கும். பத்து நாள் கழித்துத்தான் மாட்டினேன். பிரேக்கைக் கடைக்காரப் பெரியவரிடம் காட்டி இறுக்கிக்கொண்டேன். பெயிண்ட், தாள், புது பிரேக் கட்டை, அவர் கூலி எல்லாம் சேர்த்து 1,340 ரூபாய். நான் கெடுத்த டப்பாவும் அதில் அடக்கம்.

சின்னவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். மேல் குழாயில் வெயில் சாய்வாக விழும்போது நீலத்துக்கு அடியில் அண்ணன் பெயர் மங்கலாகத் தெரிகிறதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இருக்கட்டும்மா" என்றாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று அதில்தான் போனாள். ஊரிலிருந்து திரும்பிய என் மாமியார் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மிச்சப் பெயிண்ட் இருந்தா என் கைத்தடிக்கும் அடிச்சுக் குடு" என்கிறார். அவரை மறுபடி நாத்தனார் வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.