நீவிவிடச் சொல்லும் பெரியவருக்கு

கொரட்டூர் ஏரிக்கரை நடைக்கூட்டத்தில் ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ரத்தம் உறையுறதெல்லாம் ஃபிளைட்ல பறக்கிறவன் வியாதி. நமக்குக் கால் வீங்கினா எண்ணெய் போட்டு நீவினாப் போதும்."

விமானமா? காலில் வரும் இந்த ரத்த உறைவில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிப் படுக்கையோடு தொடர்புள்ளது, ஐயா. இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்த ஆய்வு 2008இல் லான்செட்டில் வந்தது. உள்நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் ரத்தம் உறையும் அபாயத்தில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும் இடுப்பெலும்பு முறிவும் மூட்டு மாற்று அறுவையும் பிரசவமும் கொரட்டூரில் நடப்பதில்லையா?

ஒற்றைக் கால் வீங்கி ஆடுசதை வலித்தால் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். நீவினால் உறைவு பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் கடந்து, நுரையீரல் தமனியை அடைக்கலாம். அப்போது மூச்சு திணறினால், வாயு என்று சோடா வாங்கித் தராதீர்கள் (தருவீர்கள், தெரியும்). 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் போடும் ஹெப்பாரின் ஊசி உறைவை மேலும் வளரவிடாது. கரைக்கும் வேலையை உடல் மெல்லப் பார்த்துக்கொள்ளும்.