செவிவழி வாழும் குழலிசை

அயர்லாந்தின் மரபிசையைக் காத்து வருவது எது என்னும் வினாவுக்கு, அச்சிட்ட இசைத்தொகுப்புகள் என்று சிலரும் ஒலிப்பதிவுகள் என்று சிலரும் விடை கூறுவர். இவ்விரண்டின் பயனும் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், அவ்விசையை உயிர்ப்புடன் வைத்திருப்பவை, குழலிசைஞர்கள் ஒன்றுகூடிக் கற்கும் உள்ளூர்ச் சங்கங்களே ஆகும்.

எளிதில் வசப்படாத கருவி

அந்நாட்டுக்கே உரிய பைக்குழலை ‘இல்லன் பைப்ஸ்’ என்பர். ‘இல்லன்’ என்னும் ஐரிஷ் மொழிச் சொல் முழங்கையைக் குறிப்பது. இக்கருவியை வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கையால் துருத்தியை இயக்கிக் காற்றைப் பைக்குள் செலுத்துவர். மற்றொரு கையால் பையை அழுத்துவர். அதே வேளையில் விரல்கள், இரண்டு ஸ்தாயி அளவுக்கு ஒலிக்கும் இசைக்குழலின் துளைகளில் இயங்க வேண்டும். மூன்று குழல்கள் இடையறாது சுருதி கூட்டும். வேறு மூன்று குழல்களின் சாவிகளை மணிக்கட்டால் அழுத்திப் பக்கவிசை சேர்ப்பர். ஏழாண்டு கற்றல், ஏழாண்டு பழகல், ஏழாண்டு வாசித்தல் என இருபத்தோராண்டு கழிந்தாலே ஒருவர் குழலிசைஞர் ஆவார் என்று அங்கு வழங்கும் பழமொழி பொருளற்றதன்று.

இக்கருவியின் உயிர் சீவாளியில் உள்ளது. நாணல் தட்டையைச் சீவிச் செய்யப்படும் அது, காற்றின் ஈரப்பதம் மாறினாலே சுருதி பிசகும். அதனைச் சரிசெய்யும் கைப்பக்குவம் நூலைப் படித்த அளவில் வாய்ப்பது அரிது. அறிந்தவர் அருகிருந்து கண்டே பெறவேண்டும். தனித்துக் கற்பவர், பிழை தம் விரலில் உள்ளதா சீவாளியில் உள்ளதா என்று அறியாமலே சோர்ந்துவிடக்கூடும். எனவே, இக்கலைக்குச் சங்கம் என்பது அடிப்படைத் தேவையாகிறது.

ஏடும் செவியும்

சுரக்குறிப்பு இருக்கையில் கூடிக் கற்பது எதற்கு என வினவலாம். 1903ஆம் ஆண்டு சிகாகோவில் வெளியான பிரான்சிஸ் ஓநீலின் தொகுப்பில் 1850 மெட்டுகள் உள்ளன. அயர்லாந்தில் பிறந்து சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக உயர்ந்தவர் அவர். சுரக்குறிப்பு எழுத அவர் அறிந்திருக்கவில்லை. அவர் இசைக்கக் கேட்டு, ஜேம்ஸ் ஓநீல் என்னும் நண்பர் எழுதினார். புகழ்பெற்ற அந்த ஏடே ஒருவர் இசைக்க மற்றொருவர் கேட்டதால் பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

ஆடலுக்குரிய மெட்டுகள் பெரும்பாலும் இரு பகுதிகள் கொண்டவை. ஒவ்வொரு பகுதியும் இருமுறை இசைக்கப்படும். இந்தக் கட்டமைப்பை ஏடு தெளிவாகக் காட்டும். ஆனால் ஒரு சுரத்தைச் சுற்றி விரல்கள் செய்யும் நுண்ணிய அணிகளையும், குழலின் அடிவாயைத் தொடைமேல் ஊன்றி ஒலியை நறுக்கும் முறையையும் ஏட்டால் முழுமையாகக் காட்ட இயலாது. சங்கத்தில் ஆசிரியர் ஒரு சிறு தொடரை மெதுவாக இசைப்பார். மாணவர் திருப்பி இசைப்பர். தொடர்கள் சேர்ந்து மெட்டாகும்போது, அது தாளிலன்றி நினைவில் பதிகிறது. ஏடு எலும்பைத் தரும். தசையும் குருதியும் செவிவழியே வருகின்றன.

சங்கங்களின் கடமை

கார்க் நகரில் 1898இலும் டப்ளினில் 1900இலும் குழலிசைச் சங்கங்கள் தோன்றின. எனினும், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இக்கருவியை வாசிப்போர் மிகவும் அருகினர். 1968இல் தொடங்கப்பெற்ற ‘நா பீபரீ இல்லன்’ என்னும் அமைப்பு, வாசிப்போடு கருவி செய்தலையும் சீவாளி செய்தலையும் கற்பித்தது. மில்டவுன் மால்பே என்னும் சிற்றூரில் 1973 முதல், குழலிசைஞர் வில்லி கிளான்சியின் நினைவாகக் கோடைக்காலப் பள்ளி நடைபெறுகிறது. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்குழலிசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அருகிய கலை மீண்டும் தழைத்ததற்குக் கற்பித்தலே முதன்மைக் காரணம்.

சங்கங்களிலும் குறை நேரக்கூடும். விரைந்து வாசிப்போர் முந்திச் செல்ல, புதியவர் பின்தங்கி விலக நேரிடலாம். அனைவரும் ஒரே வடிவத்தையே பயின்றால், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் இசைநடைகள் மங்கிப் போகலாம். ஆகவே, மெதுவாக இசைக்கும் நேரம் ஒவ்வொரு சங்கத்திலும் ஒதுக்கப்பட வேண்டும். மெட்டைக் கற்பிக்கும்போதே அது யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதையும், அதற்குள்ள பிற வடிவங்களையும் எடுத்துரைக்க வேண்டும்.

பட்டியலில் இடம்பெறுவது கலைக்குப் பெருமை. பதிவு செய்வது அதற்குப் பாதுகாப்பு. ஆனால், முதியவர் ஒருவரின் விரலசைவை இளையவர் ஒருவர் கண்டும் கேட்டும் தம்முடையதாக்கிக் கொள்ளும் போதுதான் கலை அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. அதற்கு வேண்டுவது ஓர் அறையும், சில நாற்காலிகளும், பொறுமையும் மட்டுமே.