‘நர்ஸிங்கா? வேலை நிச்சயம்!’

நர்ஸிங் படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது பக்கத்துல இருந்தா கூப்பிடுங்க பாஸ், இந்த வார மேட்டர் அவங்களுக்குத்தான்.

எங்க இன்ஜினீயரிங் கிளாஸ்ல பாதிப் பேருக்கு ‘வேலை கிடைக்குமா’ங்கிற பயம். நர்ஸிங் பக்கம் அந்த டென்ஷனே இல்லைனு நினைச்சுட்டிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி வாசல்லயும் ‘நர்ஸ் தேவை’ போர்டு தொங்குதே! அந்த நினைப்புல மண் அள்ளிப் போட்டது எங்க எதிர் வீட்டு அக்கா.

பி.எஸ்சி. நர்ஸிங், நாலு வருஷம். முடிச்ச மாசமே முப்பது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை. அவங்க வீட்டுல கேசரி கொடுத்தாங்க (நான் ரெண்டு கப்!). ரெண்டு வருஷம் கழிச்சு வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ. முதல் கேள்வி, ‘‘வென்டிலேட்டர்ல இருக்குற பேஷன்ட் எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க?’’ அக்கா காலேஜ் போஸ்டிங்ல பார்த்ததோட சரி. அந்த ஆஸ்பத்திரியில ஐ.சி.யு.வே கிடையாது. ஊசி போட்டது, ட்ரிப்ஸ் மாத்தினது, ஆள் வராத நாள்ல பில்லிங் கவுன்ட்டர்ல உட்கார்ந்தது... இதுதான் ரெண்டு வருஷ அனுபவம். இன்டர்வியூ அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சுது.

வெளிநாடு, பெரிய ஆஸ்பத்திரி எங்கே போனாலும் ‘ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா’னு கேக்குறாங்க. படிச்சு முடிச்சவங்களுக்கு அந்த ரெண்டு வருஷத்தைக் கொடுக்குறது பெரும்பாலும் சின்ன ஆஸ்பத்திரிகள். அது அவங்களுக்கும் நல்லாவே தெரியும். சம்பளம் ஏன் அவ்வளவு கம்மினு இப்போ புரியுதா?

நர்ஸ் தேவையே இல்லையானு கேட்டா, தேவை ஏகப்பட்டது. இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி பொது மருத்துவமனையில அஞ்சு நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைன்னா மூணு பேருக்கு ஒருத்தர் இருக்கணும். நீங்க கடைசியா ஜி.ஹெச். வார்டுக்குள்ள போனப்ப எண்ணிப் பார்த்தீங்களா? தேவை இருக்குறது வேற, பணியிடம் இருக்குறது வேற. பணம் ஒதுக்கினாத்தான் பணியிடம்.

அரசு வேலையைப் பாருங்க. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 நர்ஸ் இடத்துக்குப் பரீட்சை வெச்சுது. ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். நிரந்தரமாக்கச் சொல்லி 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல அவங்க உட்கார்ந்து போராடினது செய்தியில வந்துச்சு. கொரோனா நேரத்துல தற்காலிகமா எடுத்தவங்களுக்கு 2022 டிசம்பரோட ஒப்பந்தம் முடிஞ்சுது. கை தட்டின ஊர்தான் இது!

தனியார்லயும் ஒரு கணக்கு உண்டு. உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதால அமைஞ்ச நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், ஐம்பதுக்குக் கீழேன்னாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுனு பரிந்துரைச்சுது. பரிந்துரைதான், சட்டம் இல்லை. கேரளாவுல நர்ஸுங்க தெருவுல இறங்கின பிறகு, 2018-ல் அங்கே 20,000-ஐக் குறைந்தபட்சச் சம்பளமா அறிவிச்சாங்க. அக்கா வாங்கினதைச் சொன்னா நம்ப மாட்டீங்க, விடுங்க.

அதனால ஃபைனல் இயர் மக்களே, முதல் வேலைக்குப் போறப்போ ஹாஸ்டல் ஃப்ரீயா, சாப்பாடு ஃப்ரீயானு மட்டும் விசாரிக்காதீங்க. எத்தனை படுக்கை? ஐ.சி.யு., டயாலிஸிஸ், ஆபரேஷன் தியேட்டர் இருக்கா? எந்த வார்டுல போடுவாங்க? ஆயிரம் ரூபாய் கம்மியா கொடுத்தாலும் இதெல்லாம் இருக்குற இடமா பாருங்க. மாநில நர்ஸிங் குழுமப் பதிவை ரிசல்ட் வந்த சூட்டோட முடிச்சுடுங்க. இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்., அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ்னு பரீட்சைகள் தனியா வரிசை கட்டி நிக்குது. நைட் டூட்டிக்கு நடுவுல அதுக்குப் படிக்குறவங்களைப் பார்த்தா எங்க அரியர் எல்லாம் ஒரு மேட்டரே இல்லை.

முக்கியமா, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. ஜெராக்ஸ் கொடுங்க, ஒரிஜினலைக் காட்டிட்டு வாங்கிடுங்க. அக்கா கொடுத்துட்டாங்க. வேலையை விடுறேன்னதும் ‘‘பாண்ட் பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோம்மா’’ன்னு சொல்லிட்டாங்க. ஐ.சி.யு. இருக்குற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, புதுசா சேர்றவங்களோட அதே சம்பளத்துக்கு இடம் தயாரா இருக்கு. ஒரிஜினலோட வந்தா சேர்த்துக்குறாங்களாம். அவங்க அப்பா பணம் புரட்ட அலைஞ்சுட்டிருக்கார்.