ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும்

மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு, கையிலுள்ள சொற்பப் பொருளை எண்ணி எண்ணிச் செலவிட்டு, தேசம் தேசமாகச் சஞ்சரிக்கும் வெளிநாட்டு இளைஞர்களைக் காண்பது எங்கள் றொசல்ல வாசிகளுக்குப் புதிய காட்சியன்று. வட்டவளையைக் கடந்து ஹட்டனை நோக்கி மூச்சிரைக்க ஏறிவரும் புகையிரதத்தின் வாசற்படிகளில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, தேயிலைச் சரிவுகளையும், அச்சரிவுகளிலே கொழுந்துக் கூடையோடு நிற்கும் எங்கள் பெண்களையும் படம் பிடித்தவாறே அவர்கள் எல்ல வரைக்கும் போகிறார்கள். அவர்கள் சிரித்துக் கையசைப்பார்கள், நாங்களும் அசைப்போம். அத்துடன் எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள சம்பந்தம் முடிந்துவிடும்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் அது அப்படி முடியவில்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதையாதலால், எதிர்வண்டியின் வரவை நோக்கி எங்கள் நிலையத்தில் வழக்கத்திலும் அதிகநேரம் தரித்து நின்ற வண்டியிலிருந்து தாடி வைத்த ஓர் இளைஞன் இறங்கினான். பருப்புவடை இரண்டு வாங்கி, ஒன்றைத் தின்று, மற்றொன்றைப் பகலுணவுக்கென்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, நானும் என் தமக்கை மகளும் அமர்ந்திருந்த வாங்கிலே வந்து உட்கார்ந்தான். என் பள்ளிக்கூட ஆங்கிலம் தடுக்கி விழுந்த இடங்களிலெல்லாம் தமக்கை மகளின் ஆங்கிலம் தடையின்றி ஓடிற்று. அது அவள் நான்கு வருஷகாலம் பஹ்ரைனில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது கற்றுக்கொண்டது. பேச்சோடு பேச்சாக, மலிவான விமானச் சீட்டுக்காகத் தானும் பஹ்ரைன் வழியே வந்ததாகவும், வந்த இடத்தில் ஐந்து நாள் தங்கியதாகவும் அவன் சொன்னான்.

அந்த ஐந்து நாட்களையும் அவன் செட்டாகக் கழித்த விதத்தைக் கேட்டபோது, எங்கள் லயத்துக் கிழவிகளே அவனிடம் பாடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று. பலர் சேர்ந்து படுக்கும் அறையில் ஒரு கட்டில். மனாமாவின் பழைய கடைத்தெருவில் சமோசாவும், ஏலக்காய் மணக்கும் கரக் தேநீரும். ஊருக்குள் ஓடும் சிவப்புப் பஸ்ஸிலே, ஒரு தீனாரில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த கட்டணத்தில் பிரயாணம். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் அடுக்கடுக்காய்ப் புதைந்து கிடக்கும் மேட்டின்மேல் நிற்கும் பஹ்ரைன் கோட்டையைக் கண்டான். 2012இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட முஹர்ரக் நகரின் முத்துக்குளிப்போர் பாதையில் மூன்றரைக் கிலோமீட்டரும் நடந்தான். தீவின் தெற்கே, நீர்நிலை எதுவும் கண்ணுக்குத் தென்படாத மணற்காட்டில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாகத் தன்னந்தனியே பசுமை மாறாது நிற்கும், நம் வன்னிக்கு உறவான, ‘ஜீவ விருட்சம்’ என்று அந்நாட்டார் அழைக்கும் மரத்தை, பஸ் போகாத இடமாதலால் வழிப்போக்கர் ஒருவரின் வண்டியில் இடம் கேட்டுச் சென்று பார்த்துத் திரும்பினான்.

“நீங்கள் அந்த மரத்தைப் பார்த்திருப்பீர்களே?” என்று அவன் சர்வசாதாரணமாகத் தமக்கை மகளைக் கேட்டான். அவள் சிரித்தாள். பிறகு அவனுக்கல்ல, எனக்குச் சொன்னாள்: “நாலு வருஷம் இருந்தேன் மாமா. ஏர்போட்டுலயிருந்து வீடு, வீட்டுலயிருந்து ஏர்போட்டு. அந்த மரத்த டீவீயிலதான் பாத்தேன்.”

அந்தத் தேசத்தின் அளவை அறிந்தவர்களுக்கே இச்சொல்லின் பாரம் முழுதும் விளங்கும். நம்முடைய நுவரெலியா மாவட்டம் 1,741 சதுர கிலோமீட்டர்; பஹ்ரைன் இராச்சியம் முழுவதும் சேர்ந்து அதில் பாதிக்கும் குறைவு. தலைத்தீவின் நீளம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், அகலம் பதினாறு. அங்குள்ள மிக உயர்ந்த இடமாகிய ஜபல் துகான், அதாவது புகைமலை, சுமார் நூற்று முப்பது மீட்டர் உயரமுள்ள ஒரு மேடு. நம் கொழுந்துக்காரி ஒருத்தி காலைப் பிரட்டுக்குப் பின் மலைக்கு ஏறும் ஏற்றத்தோடு அதை ஒப்பிடுவது அந்த மேட்டுக்குத்தான் கௌரவம். ஒரே பகலில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிவிடக்கூடிய அத்தகைய தீவில் நான்கு வருஷம் ஜீவித்த ஒருத்திக்கு அத்தீவைக் காண ஒரு பகல் வாய்க்கவில்லை.

இருவரும் சிக்கனக்காரர்களே. அவன் தன் சேமிப்பு நீளும்வரை பார்க்கும் பொருட்டு வாயைக் கட்டினான். அவள், நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்பதே 2021இல்தான் வர்த்தமானியில் ஏறிய ஒரு தோட்டத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொருட்டு வயிற்றைக் கட்டினாள். ஆயினும், இவ்விருவருக்கும் உள்ள பேதம் பணத்திலிருப்பதாக நினைத்தால் நாம் விஷயத்தைக் கோட்டைவிட்டவர்களாவோம். அவள் கையிலும் பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தது. இல்லாதிருந்தவை இரண்டு: தனக்கே உரியதென்று சொல்லிக்கொள்ள வாரத்தில் ஒரு நாள், தன் பெயரையும் படத்தையும் தாங்கிய கடவுச்சீட்டு. முன்னதை அவளுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. பின்னதை, வந்திறங்கிய அன்றைக்கே, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வீட்டுக்காரர் வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்.

இந்தப் பூட்டு எங்கள் ஜனங்களுக்கு அந்நியமானதன்று. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து இம்மலைகளை அடைந்த எங்கள் மூதாதையர், கங்காணியிடம் பெற்ற முற்பணக் கடனைத் தீர்த்தாலன்றி ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குப் போக இயலாதவாறு ‘துண்டு’ என்னும் ஒரு கடதாசி அவர்களுடைய கால்களைக் கட்டியிருந்தது. கடன் இவ்வளவு, இதைச் செலுத்துகிறவர் இவர்களை அழைத்துப் போகலாம் என்பதே அக்கடதாசியின் சாரம். 1921இல் சட்டம் அந்த முறையை ஒழிக்கும் வரை, ஒருவன் கால் எங்கே போகலாம் என்பதை அவன் கடன் நிர்ணயித்தது.

வியக்கத்தக்கது என்னவெனில், பஹ்ரைன் நாட்டவரின் சொந்தப் பாட்டன்மாரும் இதே கட்டில் கிடந்தவர்கள் என்பதுதான். 1932இல் அத்தீவில் எண்ணெய் ஊற்றெடுப்பதற்கு முன்பு அவர்களுடைய ஜீவனம் முத்துக்குளிப்பு. நம் மன்னார்க் கடலில் மூழ்கியவர்களைப்போலவே மூச்சடக்கி மூழ்கிய அந்த மனிதர்கள், நக்குதா என்னும் மரக்கலத் தலைவனிடம் பருவத்துக்குப் பருவம் முற்பணம் வாங்கி, தீராத கடனாளிகளாகி, கடன் தீருமட்டும் வேறொரு தலைவனிடம் போகக்கூடாதவர்களாய் வாழ்ந்தார்கள். தகப்பன் பட்ட கடன் மகன் தலையில் விடிந்ததும் உண்டு. 1920களில் அங்கே நடந்த சீர்திருத்தங்கள் அக்கட்டைத் தளர்த்தின. ஜப்பானில் வளர்க்கப்பட்ட செயற்கை முத்து வந்து அந்தத் தொழிலையே முடித்துவைத்தது. அந்த மூழ்குவோரின் நினைவாகவே முஹர்ரக் நகரின் வீடுகளும் கடற்கரையும் இன்று உலக மரபாகப் பேணப்படுகின்றன. அந்தப் பாதையில் எத்தனையோ தேசத்து யாத்திரிகர்கள் நடக்கிறார்கள். அதே ஊர்களின் வீடுகளுக்குள்ளே, அலுமாரியில் பூட்டப்பட்ட ஒரு சிறு புத்தகத்தின் மூலம், பழைய துண்டு வேறு ரூபத்தில் ஜீவித்திருக்கிறது.

“அவள் சம்பாதிக்கப் போனாள், ஊர் சுற்றவா போனாள்?” என்று கேட்பவர்கள் அரபு நாட்டில் மட்டுமல்ல, எங்கள் லயங்களிலும் இருக்கிறார்கள், நல்ல மனத்தோடே கேட்கிறார்கள். அவர்களுக்கு என் விடை இது. ஊரைச் சுற்றுவது உல்லாசம் மட்டுமன்று, வெளிதேசத்தில் அதுவே ஒரு காவல். வாரம் ஒருமுறை வெளியே போய்வருகிறவளுக்கு எந்தப் பஸ் எந்தத் தெருவில் நிற்கும் என்று தெரியும். தன் நாட்டுத் தூதரகத்தின் வாசல் தெரியும். தன்னைப்போல் வேலைக்கு வந்தவர்கள் கூடும் இடம் தெரியும். சம்பளம் மூன்று மாதம் வராவிட்டால் யாரிடம் சொல்லலாம் என்று கேட்டறிய வாய்ப்பிருக்கும். வீடும் விமான நிலையமும் தவிர வேறொன்றையும் அறியாதவளுக்குத் துன்பம் நேர்ந்தால், அவள் சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறாள். எங்கே ஓடுவதென்று அறியாமலே ஓடுகிறாள். அவள் ஓடுவதைக் குற்றமென்று எழுதிக்கொள்பவர்கள், அவளை நடக்க விடாததைக் குற்றமென்று எழுதிக்கொள்வதில்லை.

இவ்விஷயத்தில் நம் அரசாங்கத்தின் கவனம் நெடுங்காலம் தவறான வாசலிலேயே நின்றது. 2013இல், குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு செல்லலாகாதென்று தடுத்தார்கள். பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஒரு பெண் தன் வீட்டு வாசலைத் தாண்டலாமா என்பதை ஆராய அத்தனை உத்தியோகத்தரும் அத்தனை முத்திரைகளும் இருந்தன. போய்ச் சேர்ந்த வீட்டின் வாசலை அவள் தாண்டலாமா என்று கேட்பதற்கு ஒருவரும் இருந்ததாக எங்கள் தோட்டத்துப் பெண்கள் சொல்லக் கேட்டதில்லை.

கேட்பதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. வீட்டுப் பணியாளர் தொடர்பாகச் சர்வதேசத் தொழில் தாபனம் 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம், வாரந்தோறும் தொடர்ச்சியாக இருபத்துநான்கு மணிநேரமாவது ஓய்வு வேண்டும் என்றும், பயணப் பத்திரங்களைத் தம்மிடமே வைத்திருக்கும் உரிமை பணியாளருக்கு உண்டு என்றும் தெளிவாக விதிக்கிறது. பஹ்ரைனின் 2012ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமோ, வீட்டுப் பணியாளருக்குச் சில பாதுகாப்புகளை நல்கிய பின், வேலை நேரத்தையும் வார ஓய்வையும் பற்றிய பிரிவுகளுக்கு வெளியே அவர்களை நிறுத்திவைத்தது. இவ்வாறு சட்டம் மௌனம் சாதிக்கும் இடத்தில் ஒப்பந்தம் பேசவேண்டும். நாம் அதிகமாகக் கேட்டால் வேறு நாட்டாரை வேலைக்கு எடுத்துவிடுவார்களே என்ற பயத்துக்குப் பிலிப்பைன்ஸ் நாடு பதிலளித்திருக்கிறது. அந்நாடு 2006இல் தன் வீட்டுப் பணியாளருக்கு மாதம் 400 டொலர் என்று அடிச்சம்பளத்தை வரையறுத்தது. 2012இல் மேற்படி சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டது. அதனால் வளைகுடா வீடுகளில் பிலிப்பீனப் பெண்களுக்கு வேலை அற்றுப்போகவில்லை.

ஆகையால் நான் கேட்பது பெரிய காரியமன்று. பஹ்ரைனுக்கோ வேறெந்த வளைகுடா நாட்டுக்கோ வீட்டு வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்திலும் இரண்டு வரிகள் தமிழிலும் சிங்களத்திலும் அரபியிலும் இருக்கவேண்டும்: வாரத்தில் ஒரு நாள் அவளுக்குரியது, கடவுச்சீட்டு அவள் கையிலிருக்கும். புறப்படுமுன் நடக்கும் பயிற்சியில், துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கக் கற்பிப்பதோடு, போகும் நாட்டின் படத்தையும் பஸ் கட்டணத்தையும் தூதரகத்தின் இருப்பிடத்தையும் கற்பிக்கவேண்டும். இக்கோரிக்கையை முன்வைக்க நமக்குள்ள யோக்கியதையையும் நாம் சோதித்துக்கொள்வது நன்று. எங்கள் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமாகக் காலிமுகத்திடலுக்குப் போய்வந்திருக்கிறார்கள்? மனாமாவில் நாம் கேட்கும் வெள்ளிக்கிழமையைக் கொழும்பிலே நாம் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் நியாயமாக்கும்.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியே பலர் நடந்தார்கள். பாதை அதேதான், வெயிலும் அதேதான். பாட்டன்மார் கடனோடு நடந்தார்கள். பேரர்கள் விரும்பி நடந்தார்கள். மனிதன் நடக்கிறானா, நடத்தப்படுகிறானா என்பதே யாத்திரைக்கும் அடிமைத்தனத்துக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு என்பதை அந்த நடையைக் காட்டிலும் தெளிவாக எனக்கு எவரும் காட்டியதில்லை.

அன்று எதிர்வண்டி வந்து சேர்ந்தது. இளைஞன் மடித்துவைத்த வடையோடு ஏறிக்கொண்டான். வண்டி வளைவிலே மறைந்தது. தமக்கை மகள் அன்று என்னோடு ஹட்டனுக்குப் புறப்பட்டிருந்தது, மறுபடியும் போவதற்கான கடதாசிகளைப் பார்க்கத்தான். பிள்ளைகள் இன்னும் படித்து முடியவில்லை. எங்கள் சீட்டுக்குரிய அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது, தண்டவாளத்தைப் பார்த்தபடியே வெகுநேரம் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் கேட்டாள்:

“அந்த மரத்துக்குக் காலையில போனா, ராச்சமையலுக்கு முந்தி திரும்பி வந்துறலாமா மாமா?”