சுவருக்குள் ஓடும் வயருக்கு யார் சாட்சி?

“வயரிங் எல்லாம் புதுசு தங்கச்சி, ஒரு பிரச்சினையும் வராது.” லண்டனில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போகிற நம் பிள்ளைகளின் காதில் அடிக்கடி விழுகிற வார்த்தை இது. சுவருக்குப் புதுப் பூச்சு, பளிச்சென்ற சுவிட்சுகள், மாடிப்படிக்குக் கீழே புத்தம் புதிய பியூஸ் பாக்ஸ். பார்த்ததும் மனம் நிறைந்து டெபாசிட்டை நீட்டிவிடுகிறார்கள். ஆனால் வயர் ஓடுவது பூச்சுக்கு உள்ளே. அது நல்லதா கெட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மீட்டர் வைத்துச் சோதித்தவர் எழுதிக் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றுதான் அதற்குச் சாட்சி.

அந்தச் சாட்சி பொய்யானால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2007 டிசம்பரில் வெஸ்ட் பிராம்விச்சில் ஒரு ஃப்ளாட்டில் 22 வயதுத் தாய் ஒருத்தி, கசிந்து பரவிய தண்ணீரைத் துண்டால் துடைக்கப் போய் மின்சாரம் தாக்கி இறந்தாள். கட்டுமான வேலையின்போது சுவர்ப் பலகையில் முடுக்கிய ஒரு திருகாணி உள்ளே வயரைக் காயப்படுத்தியிருந்தது. சோதிக்க அனுப்பப்பட்டவர் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனே இல்லை, உதவியாளர். படிவத்தில் அவர் எழுதிய அளவுகளில் சில இட்டுக்கட்டியவை என்பது வழக்கு விசாரணையில் வெளிவந்தது. காயம்பட்ட வயரைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே இன்சுலேஷன் சோதனை என்று ஒன்று இருக்கிறது. மீட்டரில் பார்க்க வேண்டிய எண்ணை மனம்போனபடி எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்கு வேண்டாம்.

சட்டத்தில் குறையில்லை. வீட்டை முழுதாக ரீவயர் செய்தால் எலக்ட்ரீஷியன் ‘ஈஐசி’ என்ற நிறுவல் சான்றிதழைத் தர வேண்டும். வடிவமைத்தவர், வேலை செய்தவர், சோதித்தவர் என்று மூன்று பொறுப்புக்கும் அதில் கையெழுத்து உண்டு. 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘பார்ட் பி’ கட்டட விதிப்படி இந்த வேலையைக் கவுன்சிலுக்கும் தெரியப்படுத்த வேண்டும். என்ஐசிஈஐசி, நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவுபெற்றவர் என்றால் தன் அமைப்பின் வழியாக அவரே அதைச் செய்துவிடுவார். வாடகை வீடுகளுக்கு 2020இல் தனி விதிகள் வந்தன. அதே ஆண்டு ஜூலை 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2021 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே இருந்தவற்றுக்கும் அவை பொருந்தும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து ‘ஈஐசிஆர்’ அறிக்கை வாங்க வேண்டும். குடிவருபவர் உள்ளே வருவதற்கு முன்பே அதன் பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் தர வேண்டும். விதி வந்தபோதே உச்ச அபராதம் 30,000 பவுண்ட்ஸ்.

காகிதம் கைக்கு வந்தால் அதை வாசிக்கவும் வேண்டும். முதல் பக்கத்தில் முகவரி, தேதி, சோதித்தவரின் பதிவு எண். ஈஐசிஆர் என்றால் குறைகளுக்கு எதிரே குறியீடு இருக்கும். சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது, சி2 என்றால் ஆபத்தாகலாம், எஃப்ஐ என்றால் இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீடு தேறவில்லை. சி3 என்பது திருத்தினால் நல்லது என்ற பரிந்துரை மட்டும்.

பலரும் புரட்டாமல் விடுகிற பின்பக்க அட்டவணையில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு வரி: சமையலறை, மாடி பிளக்குகள், விளக்குகள், ஷவர். அதில் ‘இசட் எஸ்’ (Zs) என்ற கட்டத்தைப் பாருங்கள். எர்த் வழியாகக் கரண்ட் திரும்பும் பாதையின் தடையை ஓமில் சொல்வது அது. வயரின் நீளமும் தடிப்பும் மாறினால் அந்த எண்ணும் மாறியே தீரும். எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். பத்துப் பேரின் இரத்தப் பரிசோதனையில் ஒரே சர்க்கரை அளவு வந்தால் நம்புவோமா? அடுத்து ‘ஆர்சிடி’யின் நேரம். 30 மில்லிஆம்ப் கசிந்தால் 300 மில்லிவினாடிக்குள் அது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேட்பதில்தான் நமக்குத் தயக்கம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி சர்டிபிகேட் கேட்டபோது வீட்டுக்காரர் எடுத்துக் காட்டியது வேலை செய்தவர் கொடுத்த பில். பணம் கொடுத்ததற்கு பில் ஆதாரம், வேலை சரியாக நடந்ததற்கு அது ஆதாரமாகாது. அவள் மறுபடி கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஊர்க்காரர், அம்மாவுக்குத் தெரிந்தவர், “அண்ணை” என்று கூப்பிடுகிறவர். வேலையைச் செய்ததும் “தெரிஞ்ச பெடியன்”. இத்தனை உறவுக்கு நடுவே காகிதம் கேட்டால் அவமதிப்பாகிவிடுமோ என்ற பயம். ஒரே வீட்டில் ஆறேழு பேர், ஆளுக்கொரு ஹீட்டர், ரைஸ் குக்கர் என்று இருக்கிற இடத்தில் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது.

வீடு வைத்திருக்கும் அண்ணன், அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. ரீவயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதைச் சோதிக்கும் சில மணி நேரக் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பதிவுபெற்றவரை இணையத்தில் பெயர் போட்டுச் சரிபார்த்துக் கூப்பிடுங்கள். முறையான ஈஐசி கையில் இருந்து, அதன் பிரதியை வாடகைக்காரருக்குக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு வேறு அறிக்கை தேவையில்லை.

பிள்ளைகளே, டெபாசிட் கட்டும் முன் கேளுங்கள். “அண்ணை, ஈஐசி இல்லாட்டி ஈஐசிஆர் ஒரு பிரதி அனுப்புங்கோ” என்றால் போதும், சண்டை போட வேண்டியதில்லை. தராவிட்டால் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் கேட்டால் ஏழு நாளில் அவர் கொடுத்தாக வேண்டும். உறவும் ஊர்ப்பாசமும் வயரைச் சோதிப்பதில்லை. உங்கள் உயிருக்கான காகிதத்தைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது.