எறும்பைத் துரத்தாதீர்கள்... விருந்து வையுங்கள்!

பனியன் கம்பெனி ஷிப்டுக்கு ஓடுகிற திருப்பூர்த் தாய்மார்களே, ஒரு நிமிஷம்!

லைன் வீட்டில் இருப்பது ஒரே அறை. சமையல், படுக்கை, குழந்தை தவழ்வது எல்லாம் அங்கேதான். அந்தச் சுவரோரத்தில் எறும்புப் பொடியைத் தூவுகிறீர்களே, தவழும் பிள்ளையின் கை அதில் படாதா? எறும்பு சாக்பீஸ் இன்னும் மோசம். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தூவிய பி.எச்.சி. பொடியை, 1997-ல் அரசே தடை செய்ததை மறந்துவிடாதீர்கள்.

"அப்ப எறும்பை என்னதான் பண்றது டாக்டர்?" என்கிறீர்களா? விருந்து வையுங்கள்!

நம் கண்ணில் படுவது இரை தேடி வந்த வேலைக்கார எறும்புகள் மட்டுமே. முட்டையிடும் ராணி சுவருக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே வந்ததை மட்டும் கொன்றால் நாளைக்கே வேறு எறும்பு வரும். ஆனால் எறும்பு, தான் தின்றதைக் கூட்டுக்குப் போய் மற்றவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டும். ராணிக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே, இரையில் கலக்கும் மருந்து மெதுவாகக் கொல்ல வேண்டும். 2022-ல் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களை ஆட்டிப்படைத்ததே மஞ்சள் எறும்பு, அதே இனத்தை அடக்க கிறிஸ்துமஸ் தீவில் 2002-ல் ஹெலிகாப்டரிலிருந்து தூவியதும் மருந்து கலந்த இரைதான்.

வீட்டுக்கு, நாட்டு மருந்துக் கடை வெங்காரம் போதும். போராக்ஸ் என்பதும் இதுதான். 200 மில்லி வெந்நீரில் சர்க்கரை 4 டீஸ்பூன், வெங்காரப் பொடி அரை டீஸ்பூன் கரையுங்கள். அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். பனியன் வேஸ்ட் துணியை அதில் நனைத்து, மூடியில் துளை போட்ட டப்பாவில் அடைத்து, எறும்புச் சாரைக்குப் பக்கத்தில் வையுங்கள். சிந்திய பண்டங்களை முதலில் துடைத்துவிடுங்கள். முதல் நாள் எறும்பு மொய்க்கும். பதறாதீங்க, அடிக்காதீங்க! காய்ந்தால் மாற்றி வைத்து, ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

"நாட்டு மருந்துதானே, என்ன செய்யும்?" என்ற அலட்சியம் மட்டும் வேண்டாம். வெங்காரத்தைப் பொரித்துச் சுத்தி செய்யாமல் சித்த மருத்துவர் மருந்தில் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் அளவோடுதான். டப்பா பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கலக்கிய டம்ளரும் கரண்டியும் சமையலுக்கு வேண்டாம். மீதியைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தப்பித்தவறி பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், கைவைத்தியம் பார்க்காமல், 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. லைன் வீட்டில் சுவர் பொதுச் சுவர். ஒரு வீட்டில் பொடி போட்டால் எறும்பு அடுத்த வீட்டுக்குப் போகும். பத்து வீட்டுக்காரரும் பேசி ஒரே நாளில் டப்பா வையுங்களேன். செலவு சில ரூபாய்தான். பிள்ளைகள் தவழும் தரையில் விஷப் பொடி இருக்காதே, அது பெரிய லாபமில்லையா?