வலி எங்கே? சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள்

‘இடுப்பு வலிக்கிறது’ என்று கூறும் பெரியவர்களிடம், வலிக்கும் இடத்தில் கையை வைத்துக் காட்டுமாறு கேட்டால், ஒருவர் முதுகின் அடிப்பகுதியைக் காட்டுவார். ஒருவர் தொடையின் வெளிப்பக்கத்தைத் தொடுவார். இன்னொருவர் தொடை இடுக்கில் கை வைப்பார். பேச்சு வழக்கில் மூன்றும் இடுப்பு வலியே. ஆனால், மூன்றுக்கும் காரணம் வேறு, சிகிச்சையும் வேறு. ‘வயதானால் வருவதுதானே’ என்று மூன்றையும் ஒன்றாக்கிப் பொறுத்துக்கொள்வது நன்றன்று.

தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் சுழல்கிறது. இதுவே இடுப்பு மூட்டு. எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் காப்பது வழவழப்பான குருத்தெலும்பு. அது தேய்ந்தால் மூட்டு வலிக்கும். இம்மூட்டு உடலின் ஆழத்தில், முன்புறமாக அமைந்திருப்பதால், அவ்வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தோன்றும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரிவதும் உண்டு. சந்நிதியில் சம்மணமிட்டு அமர இயலாமை, கால் நகம் வெட்டுவதில் சிரமம், காலையில் எழுந்ததும் சிறிது நேரம் விறைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். நெடுங்காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவர்களுக்கு, பந்துமுனைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்தும் இவ்விடத்தில் வலி வரலாம்.

வலி தொடையின் வெளிப்பக்கத்தில் இருந்து, அப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மிகுமானால், மூட்டு நலமாகவே இருக்கக்கூடும். அங்குள்ள எலும்புப் புடைப்பில் இணையும் தசைநாண்கள் நலிவுற்றிருப்பதே பெரும்பாலும் காரணம். இது பெண்களிடம் மிகுதி. முறையான பயிற்சியால் பலருக்கும் தணியும்.

பிட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழ்வரை வலியோ மரமரப்போ இறங்கினால், முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தப்படுவதாகக் கருத இடமுண்டு. சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனத்து, உட்கார்ந்தால் அல்லது முன்னே குனிந்தால் இதம் கிடைப்பதும் அவ்வகையே.

இவை யாவற்றினும் கவனத்துக்குரியது, விழுந்தபின் வரும் வலி. அபிஷேக நீரும் எண்ணெயும் சிந்திய கருங்கல் தளத்திலோ, வீட்டுக் குளியலறையிலோ வழுக்கி விழுந்தபின் தொடை இடுக்கில் வலித்தால், எலும்பு முறிவு என்றே முதலில் ஐயுற வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்குச் சிறிய வீழ்ச்சியே போதும். முறிந்த கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கலாம். ஆனால், எலும்பு விலகாமல் விரிசல் மட்டும் கண்டவர் நடந்தே வீடு திரும்புவதும் உண்டு. ஆகவே, ‘நடக்க முடிகிறதே, சுளுக்குத்தான்’ என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுதல் கூடாது. உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் வேண்டும். அதில் ஒன்றும் தெரியாமல் வலி நீடித்தால் மேற்கொண்டும் பரிசோதனை தேவைப்படும். முறிவுக்கு அறுவை சிகிச்சை தேவையெனில், தாமதிக்காமல் செய்வதே நலம். நாட்கணக்கில் படுக்கையில் கிடப்பது முதியவர்களுக்குப் பெருந்தீங்கு.

வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவில் ஓய்விலும் தணியாத வேதனை ஆகியவை இருந்தால் விரைந்து மருத்துவரைக் காணுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ அது அவசர நிலை.

கைத்தடி ஊன்றுவோர், வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் அதனைப் பிடிப்பதே முறை. மூட்டின் மேல் விழும் பாரம் அதனால் குறையும். வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்குவது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர்க்கு ஆபத்து இன்னும் மிகுதி.

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரவும், பழனியில் படியேறவும் விழைவோர், வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு புறப்படாமல், முதலில் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. பழனியில் ரோப் காரிலும் மேலே செல்லலாம். நாற்காலியில் அமர்ந்து தொழுவதும் வழிபாடே. மருத்துவரிடம் செல்லும்போது, வலி எங்கே, எப்போது மிகுகிறது, எதனால் தணிகிறது, அண்மையில் விழுந்ததுண்டா என்னும் நான்கையும் தெளிவாகக் கூறுங்கள். பாதி நோயறிதல் அந்த விடைகளிலேயே இருக்கிறது.